மாண்டவியில் மிதக்கும் வேலைவாய்ப்பு

எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபோது கோவா கேசினோக்களை எதிர்த்தது பாரதிய ஜனதா. 2012-இல் ஆட்சிக்கு வந்த பின்னரோ, மாண்டவி ஆற்றுக் கப்பல்களுக்கான அனுமதி பலமுறை நீட்டிக்கப்பட்டது. கப்பல்களுக்கு வழிவிட்ட 1996 சட்டத் திருத்தத்தை காங்கிரஸும் மறந்துவிட முடியாது. இரு தரப்புக்கும் இன்று கைகொடுக்கும் வாதம் ஒன்றே: வேலைவாய்ப்பு.

அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. 2012-இலும் 2018-இலும் இரும்புத் தாதுச் சுரங்கங்கள் முடங்கியபோது லாரி உரிமையாளர்கள் முதல் தொழிலாளர்கள் வரை வருவாய் இழந்தனர். சீட்டு மேஜை ஊழியர், சமையலர், காவலர், டாக்சி ஓட்டுநர் எனப் பலருக்குக் கேசினோவே இன்று சோறு போடுகிறது.

ஆனால், 2020 பிப்ரவரி முதல் கோவாவாசிகள் அங்கு சூதாடத் தடை உள்ளது, பணிபுரியத் தடையில்லை. தன் மக்களுக்குக் கேடு என்று அரசே கருதும் தொழில்தான், அம்மக்களுக்கான பிழைப்பாகவும் காட்டப்படுகிறது.

அப்பிழைப்பும் நிலையானதன்று. 2020 கொரோனா முடக்கத்தில் கேசினோக்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. 2023 அக்டோபரில் 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பரில் 40 சதவீதமானது. வியாபாரம் சுருங்கினால் முதலில் வெளியேற்றப்படுபவர் கடைநிலை ஊழியரே.

சூதாட்டம் மாநிலப் பட்டியலில் உள்ளது. எனவே பொறுப்பும் மாநில அரசினுடையதே. உள்ளூரார் எத்தனை பேர், நிரந்தரப் பணியா, ஒப்பந்தமா, ஊதியம் என்ன என்பதை வெள்ளை அறிக்கையாகச் சட்டப்பேரவையில் வைத்த பின்னரே அடுத்த அனுமதியை நீட்டிக்க வேண்டும். கணக்குக் காட்டாத வேலைவாய்ப்பு, வெறும் வாக்குறுதியே.