தலைக்கணக்கும் ஓட்டுக்கணக்கும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹிஸ்பானியர்கள், அதாவது மெக்சிகோ முதலான லத்தீன் அமெரிக்க நாடுகளின் வழிவந்தவர்கள், வெள்ளையரை எண்ணிக்கையில் முந்திவிட்டதாக 2022ஆம் ஆண்டு மக்கள்தொகை மதிப்பீடு சொன்னது. இரு தரப்பும் ஏறத்தாழ 40 சதவீதம், முந்தியது மயிரிழையில்தான். 'இனி டெக்சாஸ் ஜனநாயகக் கட்சிக்கே' என்று அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஆரூடம் சொல்லி வந்தவர்கள் பலர். ஆனால் 2020இல் ஓட்டுப்போடத் தகுதியுள்ளவர்களில் ஹிஸ்பானியர்களின் பங்கு சுமார் 30 சதவீதம்தான். மீதி எங்கே போனது? குடியுரிமை இல்லாதவர்கள் என்று சட்டெனச் சொல்லிவிடுகிறோம். அது பாதி பதில்தான். மாநிலத்தில் 18 வயது நிரம்பாத பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஹிஸ்பானியர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். ஆண்டுதோறும் ஒரு வகுப்பு 18ஐத் தொட, தகுதியுள்ளோர் கணக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் தகுதியுள்ளவர்களை மட்டும் எண்ணித் தொகுதி பிரிப்பதுதானே நியாயம் என்று கேட்கலாம். கேட்டும் விட்டார்கள். டெக்சாஸிலிருந்து போன எவன்வெல் வழக்கில், மொத்த மக்கள்தொகையை வைத்து மாநிலம் தொகுதி பிரித்தது செல்லும் என 2016இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பள்ளிப் பிள்ளைக்கும் அந்தத் தொகுதி உறுப்பினர்தான் பிரதிநிதி என்பது அதன் சாரம். டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவிலும் ஃபிரிஸ்கோவிலும் எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் நம்மவர்களும் இந்த வகைதான்: தலைக்கணக்கில் உண்டு, ஓட்டுக்கணக்கில் இல்லை.

தகுதி இருந்தால் மட்டும் போதாது, ஓட்டு ஒரே பக்கம் விழவும் வேண்டுமே. அப்படி விழுகிறதா என்று அறிவதே கடினம்: வாக்காளர் பதிவுப் படிவத்தில் இனம் என்ன என்ற கேள்வியே டெக்சாஸில் கிடையாது. ஸ்பானியக் குடும்பப்பெயரை வைத்து உத்தேசமாக ஒரு கணக்குப் போடுகிறார்கள். திருமணத்தில் பெயர் மாறிய பெண் அதில் எந்தப் பக்கம் சேர்வார் என்பது பெயருக்கே வெளிச்சம்! எல்லையோர ஸ்டார் மாவட்டத்தில் இந்தச் சிக்கலும் இல்லை. அங்கே நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ஹிஸ்பானியர்கள். 2016இல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டன் அங்கே சுமார் 60 சதவீதப் புள்ளிகள் முந்தினார். 2020இல் பைடனின் முன்னிலை ஐந்தாகச் சுருங்கியது. 2024இல் டிரம்ப் ஜெயித்தார். 1892க்குப் பிறகு அந்த மாவட்டத்தைக் கைப்பற்றிய முதல் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் அவர்தான். மக்களின் இனம் மாறவில்லை, ஓட்டு மாறியது.

ஒரு மாவட்டத்தை வைத்து மாநிலத்தையே எடை போடலாமா, டிரம்ப் ஒரு விதிவிலக்கு ஆயிற்றே என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் எல்லையோர மாவட்டங்கள் பலவற்றிலும் 2020, 2024 இரு தேர்தல்களிலும் காற்று ஒரே திசையில்தான் வீசியது. விலைவாசி, எல்லைக் காவல், எண்ணெய்த் துறை வேலை என்று அங்குள்ளோர் சொன்ன காரணங்கள் எந்த வாக்காளரும் சொல்லக்கூடியவையே.

2025 ஆகஸ்டில் மாநிலச் சட்டமன்றம் நாடாளுமன்றத் தொகுதிகளை மறுபடி வரைந்தது. குடியரசுக் கட்சி குறிவைத்த கூடுதல் ஐந்து இடங்களில் ஹிஸ்பானியர் பெரும்பான்மைத் தொகுதிகளும் உண்டு. அந்த ஓட்டுகள் 2024இல் விழுந்தபடியே இனியும் விழும் என்ற கணக்கில் போட்ட கோடுகள் அவை. ஜனநாயகக் கட்சிப் பக்கம் இத்தனை ஆண்டு போட்டுவந்த அதே கணக்கு, பக்கம் மட்டும் வேறு.