இம்போசிஷன் எழுதினால் ஸ்விங் வராது

ஒரே அடியை ஆயிரம் தடவை அடித்தால் உடம்பு தானாகப் பழகிக்கொள்ளும் என்று கோல்ஃப் சொல்லித்தருகிறவர்கள் பேசும்போதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடத்து இம்போசிஷன்தான் ஞாபகம் வரும். நூறு தடவை எழுதச் சொன்னால் பையன் என்ன செய்வான்? முதல் வார்த்தையை மேலிருந்து கீழே நூறு வரி, பிறகு இரண்டாவது வார்த்தையை நூறு வரி. நோட்டு நிறைந்துவிடும். வாக்கியத்தை அவன் ஒரு தடவைகூட எழுதியிருக்க மாட்டான்.

என் பழைய மாணவர் ஒருவரின் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரு பயிற்சி மையத்தில் (பெயர் வேண்டாம்) தினமும் செவன் அயர்னில் இருநூறு பந்து அடிக்க வைக்கிறார்கள். டிரைவிங் ரேஞ்சில் பந்து அம்பு மாதிரி போகிறது. மைதானத்தில் இறங்கினால் ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், ஒன்று காலடியிலேயே. "கவனம் போதவில்லை, இனி முன்னூறு" என்றாராம் பயிற்சியாளர். பிள்ளையின் மணிக்கட்டில் இப்போது கிரேப் பேண்டேஜ். "எனக்கு கோல்ஃப் வராது தாத்தா" என்கிறாள்.

ஏன் வராது? அவளை கோல்ஃப் ஆடவே விடவில்லையே!

ஆட்டத்துக்கு 14 கிளப் வரை கொண்டுபோகலாம். டிரைவரில் ஒரு அடி, நடை, அயர்னில் ஒரு அடி, மறுபடி நடை, பிறகு வெட்ஜ். பட்டரை எடுக்கும்வரை ஒரே அடி அடுத்தடுத்து வருவது அபூர்வம். நிற்கும் தரை ஒரு இடத்தில் மேடு, ஒரு இடத்தில் சரிவு. ரேஞ்சிலோ அதே கிளப், அதே இலக்கு, அரை நிமிடத்தில் அடுத்த பந்து. போதாக்குறைக்கு அந்தச் செயற்கைப் புல் மேட் ஒரு பொய்க்காரன். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் தரையில் இடித்தாலும் கிளப் வழுக்கிப்போய் பந்தைத் தூக்கிவிடும். நிஜப் புல்லில் அதே அடி மண்ணில் புதையும். ஆறு மாதம் தவறாக அடித்தாலும் மேட் காட்டிக்கொடுக்காது.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1986-இல் பேட்மின்டன் சர்வீஸை வைத்து குட், மகில் என்ற இருவர் சோதித்தார்கள். மூன்று வகை சர்வீஸைக் கலந்து கலந்து பழகியவர்கள், ஒவ்வொன்றாக அடுக்கிப் பழகியவர்களைவிடப் பின்னால் நன்றாகச் செய்தார்கள். அதற்கும் முன்னால், 1920-களிலேயே மாஸ்கோவில் பெர்ன்ஸ்டைன் என்பவர் உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளிகளைப் படமெடுத்துப் பார்த்தார். சுத்தியல் விழும் இடம் மாறவில்லை. தோளும் முழங்கையும் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் மாறின. கை தேர்ந்தவன் ஒரே அசைவைத் திரும்பச் செய்வதில்லை, ஒரே முடிவைத் திரும்பக் கொண்டுவருகிறான்.

"ஸ்விங் புத்தகத்தில் உள்ளபடி இருக்க வேண்டாமா?" என்பார்கள். ஜிம் ஃபியூரிக்கின் ஸ்விங்கைப் பாருங்கள். மேலே போன கிளப் ஒரு வளையம் போட்டுவிட்டுத்தான் இறங்கும். எந்த மையத்திலும் முதல் நாளே திருத்தியிருப்பார்கள். 2003-இல் யு.எஸ். ஓப்பன் வென்றவர் அவர். 2016-இல் ஒரு சுற்றை 58 அடியில் முடித்தார், பி.ஜி.ஏ. டூரில் அதற்குமுன் யாரும் செய்யாதது. பந்தைத் தொடும் கணத்தில் கிளப்பின் முகம் இருக்க வேண்டியபடி இருந்தது.

புதிதாக வருகிறவருக்குப் பிடி, நிற்கும் நிலை, பந்தை வைக்கும் இடம் இவற்றை அடுக்கிப் பழக்குங்கள், தப்பில்லை. ஸ்விங் தொடங்குமுன்னே ஒரே மாதிரி ஆக்கக்கூடியவை அவை. பிறகு புல் தரைக்குப் போங்கள். சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டு, அயர்ன் மண்ணைப் பெயர்ப்பது கோட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று பிள்ளையே பார்க்கட்டும். ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பை மாற்று, இலக்கை மாற்று, பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு வா. நாற்பது பந்து போதும்.

பெற்றோர்களே, மாதக் கடைசியில் ரேஞ்சில் எடுத்த வீடியோவை அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள். இருபது பந்து, அடுத்தடுத்து ஒரே கிளப் கூடாது, புல் தரையில். அதில் எத்தனை இலக்குக்குப் பக்கத்தில் விழுந்தன என்ற கணக்கைக் கேளுங்கள்.