நாற்பத்தெட்டு மடை திறந்தும் தமிழுக்கு நீரில்லை

இராமநாதபுரம் மாவட்டத்து இராசசிங்கமங்கலத்தின் பெருங்கண்மாயை அறியாதார் அவ்வட்டாரத்தில் இலர். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பது அக்கண்மாய்க்கு மக்கள் சூட்டிய பெருமைப் பெயர். ஒரு கரையினின்று மறுகரைக்கு நாரையும் பறந்து கடக்கவியலாத அகலம். அதன் நீரைப் பகிர்ந்தளிக்க நாற்பத்தெட்டு மடைகள்! எம்மடை எவ்வயலுக்கு, எந்நாளில் எவருக்கு நீர் என்பதெல்லாம் அவ்வூர் உழவனுக்கு அவன் தாய்மொழியில் தெரியும். ஆனால், அவ்வளவு பெருமை வாய்ந்த ஊரின் முழுப்பெயர் இன்று பேருந்துப் பலகையிலும் மக்கள் வாயிலும் இரண்டு ஆங்கில எழுத்துகளாகக் குறுகி, 'ஆர்.எசு.மங்கலம்' என்று வழங்குகின்றது. ஊர்ப்பெயருக்கு நேர்ந்த அதே கேடுதான் அவ்வூரான் தன் உழைப்பின் பயனாகிய பணத்தை ஒரு வைப்பகத்தினின்று மற்றொரு வைப்பகத்திற்கு அனுப்புமிடத்தும் நேர்ந்துள்ளது.

வைப்பகங்களுக்கிடையே பணம் செல்வதற்கும் நாற்பத்தெட்டு மடைகள் உள்ளன என்பது வியப்பூட்டும் ஒற்றுமை! 'நெப்ட்டு' என வழங்கும் பணமாற்று முறை 2005 நவம்பரில் தொடங்கியது. முதலில் வைப்பக வேலை நேரத்தில் மட்டுமே நடந்த அது, 2019 திசம்பர் 16 முதல் இரவு பகல், விடுமுறை என்னும் வேறுபாடின்றி இயங்குகின்றது. அரைமணிக்கு ஒருமுறையாக ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டு முறை கணக்குத் தீர்க்கப்படுகின்றது. பணம் பெட்டியில் ஏறி ஊர்விட்டு ஊர் செல்வதில்லை. ஒவ்வொரு வைப்பகமும் இந்திய இரிசர்வு வங்கியில் கணக்கு வைத்துள்ளது. அரைமணிக்குள் சேர்ந்த ஆணைகளைத் தொகுத்து, எவ்வைப்பகம் எவ்வைப்பகத்திற்கு எவ்வளவு தர வேண்டும் என்று கழித்துக் கூட்டி, அக்கணக்குகளில் பற்றும் வரவும் எழுதிவிடுகின்றனர். அதன்பின் பெறுவோரின் வைப்பகம் அவர் கணக்கில் தொகையைச் சேர்க்கின்றது. கண்மாய் ஒன்று, மடைகள் பல. அவ்வளவே இதன் நுட்பம்.

இதனினும் விரைந்த வழிகளும் உள. 2004 மார்ச்சில் வந்த 'ஆர்.டி.சி.எசு.' முறை 2,00,000 உருபாவும் அதற்கு மேலும் உள்ள தொகைகளை ஒவ்வொன்றாக உடனுக்குடன் தீர்ப்பது. 2010-இல் வந்த 'ஐ.எம்.பி.எசு.' முறையும், 2016-இல் வந்த 'யு.பி.ஐ.' முறையும் கைப்பேசி வழியே நொடிப்பொழுதில் பணத்தைச் சேர்ப்பவை. சேமிப்புக் கணக்குடையோர் இணையவழியே 'நெப்ட்டு' முறையில் அனுப்பும் பணத்திற்குக் கட்டணம் பெறலாகாது என்பது 2020 சனவரி முதல் நடைமுறையிலுள்ள ஆணை. ஆகவே விரைவிலும் குறையில்லை, செலவிலும் குறையில்லை. குறை வேறொன்றில் உள்ளது.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயை விளைவிக்கும் ஓர் உழவனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மானம் பார்த்த நிலம். மழை பொய்த்தால் அவ்வாண்டு வெறுமை. அவ்வளவு இடரையும் கடந்து விளைந்த மிளகாயை மண்டியில் விற்ற பணம் ஒரு வைப்பகத்தில் வந்து விழுகின்றது. பயிர்க்கடன் மற்றொரு வைப்பகத்தில். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கான சேமிப்பு இன்னொன்றில். முன்பு வண்டியேறிச் சென்று வரிசையில் நின்று செய்த வேலையைத் திண்ணையிலிருந்தே முடிக்கும் ஏந்து அவன் கையில் உள்ளது. ஆயினும், அவன் கைப்பேசியைத் திறந்தால் எதிர்நிற்பது பெரும்பாலும் ஆங்கிலச் சுவர். பெறுவோர் பெயர், கணக்கெண், கிளைக்குறியீடு, உறுதி செய்க என்னும் நான்கு எளிய செய்திகளைக் கேட்பதற்கு அவனறியாத மொழி ஒன்று இடையில் நிற்கின்றது.

'ஐ.எப்.எசு.சி.' என்னும் கிளைக்குறியீட்டையே எடுத்துக்கொள்ளலாம். அது பதினோரிடங்கள் கொண்டது. முதல் நான்கும் வைப்பகத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள். ஐந்தாவது எப்போதும் சுழி. எஞ்சிய ஆறும் கிளையைக் குறிப்பவை. இந்தியன் ஓவர்சீசு வங்கியின் குறியீடு ஐ, ஓ, பி, ஏ என்று தொடங்கும். அதன் இரண்டாமிடத்திலுள்ள வட்டம் எழுத்து. ஐந்தாமிடத்திலுள்ள வட்டம் எண். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே போல் தோன்றும்! இவ்வேறுபாட்டைத் தமிழில் ஒரு வரியில் விளக்கி எழுதினால் எத்துணைப் பேர் குழப்பம் நீங்குவர்!

இதைவிடப் பெரிய இடர் கணக்கெண்ணில் உள்ளது. 'நெப்ட்டு', 'ஆர்.டி.சி.எசு.' முறைகளில் பணம் சேர்வது கணக்கெண்ணைக் கொண்டே. எழுதப்பட்ட பெயரைக் கொண்டன்று. ஓர் எண் பிறழ்ந்து, அவ்வெண்ணில் வேறொருவர் கணக்கு இருந்துவிட்டால், தொகை அவரிடம் போய்ச் சேரும். அதனை மீட்க அவரது இசைவை நாட வேண்டும், அலைய வேண்டும், காத்திருக்க வேண்டும். ஓராண்டு வியர்வை ஓர் எண்ணில் தொங்குகின்றது! இக்குறையை நீக்க, பணம் அனுப்பும் முன்பே பெறுவோரின் பெயரைக் காட்டும் ஏந்தினை 2025 ஏப்பிரல் முதல் நாளுக்குள் அமைக்குமாறு இரிசர்வு வங்கி 2024 திசம்பரில் ஆணையிட்டது. நல்ல ஆணைதான். ஆனால், திரையில் தோன்றும் அப்பெயர் எவ்வெழுத்தில் உள்ளது? ஆங்கில எழுத்தில்! தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய் ஒருத்திக்கு அப்பெயர் காட்டப்பட்டால் என்ன, காட்டப்படாவிட்டால் என்ன? எழிலன், யாழினி போன்ற தூய தமிழ்ப் பெயர்களில் வரும் ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறொருவாறும் எழுதுகின்றனர். ஆங்கிலம் அறிந்தவனும் அதனைக் கண்டு ஐயுறுகின்றான். காப்புக்கென்று கட்டிய வேலி, யாருக்குக் காப்பு மிகத் தேவையோ அவரைப் புறத்தே நிறுத்திவிட்டது.

உரிமைகளும் அவ்வாறே ஆங்கிலத்துள் புதைந்து கிடக்கின்றன. 'நெப்ட்டு' வழியே வந்த பணத்தைக் கணக்குத் தீர்ந்த இரண்டு மணி நேரத்திற்குள் பெறுவோர் கணக்கில் சேர்க்க வேண்டும். இயலாதெனில் திருப்பியனுப்ப வேண்டும். காலந்தாழ்த்தினால், இரிசர்வு வங்கியின் 'இரெப்போ' வட்டி வீதத்தோடு நூற்றுக்கு இரண்டு கூட்டி வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும். கேட்டுப் பெறத்தக்க இவ்வுரிமையை எத்தனை ஊர்களில் எத்தனை பேர் அறிவர்? 'பணம் பெறுவதற்குக் கமுக்க எண்ணை அழுத்த வேண்டுவதில்லை. அழுத்தினால் உன் பணம் வெளியேறும்' என்னும் ஒரு தமிழ்த் தொடரைத் திரையில் பெரிதாக எழுதினாலே, ஏய்ப்பவரின் வலையில் வீழ்வோர் பலர் தப்புவரே! ஏய்க்கப்பட்டவர் காலந்தாழ்த்தாது அழைக்க வேண்டிய எண் 1930 என்பதனையும் தமிழில் அங்கேயே எழுதலாமே!

பணமாற்று என்பது தமிழுக்குப் புதிய தொழிலன்று. 1985 வரை இதே இராமநாதபுரம் மாவட்டத்துள் அடங்கியிருந்த காரைக்குடிப் பகுதியினின்று கடல்கடந்த நகரத்தார், இரங்கூன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களிலிருந்து உண்டியல் வழியே தம் ஊருக்குப் பணம் மாற்றினர். அவர்தம் கணக்குகளின் மொழி தமிழ். பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை, நடப்பு வட்டி, தவணை வட்டி என்று வைப்பகத் தொழிலுக்கு வேண்டிய சொற்களெல்லாம் அப்போதே புழக்கத்தில் இருந்தன. அவ்வட்டித் தொழிலால் கடன்பட்டோர் நிலமிழந்த துயரத்தை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், கடலுக்கு அப்பாலுள்ள கணக்கைத் தமிழால் நடத்த முடிந்தது என்பது வரலாறு காட்டும் உண்மை. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீசு வங்கி காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்றிடங்களிலும் ஒரே நாளில் தொடங்கப்பெற்றதும் அம்மரபின் தொடர்ச்சியே. அன்று இரங்கூனிலிருந்து காரைக்குடிக்குத் தமிழில் வந்த பணம், இன்று இராசசிங்கமங்கலத்திலிருந்து தேவகோட்டைக்கு ஆங்கிலத்தில் போகின்றது!

'பொறிக்குத் தமிழ் தெரியாது' என்பார் சிலர். பொறிக்கு ஆங்கிலமுந்தான் தெரியாது! அதன் உள்ளே ஓடுவன எண்களே. திரையில் எம்மொழி தோன்ற வேண்டும் என்பது மாந்தர் எடுக்கும் முடிவு. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டன. தெருமுனைப் பணப்பொறி தமிழில் கேட்டுத் தமிழில் விடை சொல்கின்றது. சில செயலிகளிலும் தமிழ் உண்டு. ஆனால் முதற்பக்கத்தில் தமிழ் காட்டி, பணம் போகும் பக்கத்தில் ஆங்கிலத்திற்குத் தாவும் அரைகுறை வேலை உழவனுக்கு உதவுவதில்லை.

நடுவணரசின் 1976-ஆம் ஆண்டு அலுவல் மொழி நெறிமுறைகள் தமிழ்நாடு நீங்கலாகவே செல்லும் என்று அவற்றின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுள்ளது. அது மொழிப்போரின் ஈகத்தால் விளைந்த பயன். வாடிக்கையாளர் கையாளும் படிவம், பணங்கட்டும் சீட்டு, கணக்கேடு முதலிய அச்சுத் தாள்கள் வட்டார மொழியிலும் இருத்தல் வேண்டும் என்பது இரிசர்வு வங்கியின் 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பாணையிலும் உள்ளது. ஆனால், அவ்வாணை தாளைப் பற்றியது. பணமோ தாளைவிட்டுத் திரைக்குப் போய்விட்டது. தாளுக்குள்ள கடப்பாடு திரைக்கும் வர வேண்டும். பெறுவோர் பெயர் தமிழெழுத்திலும் தோன்ற வேண்டும். எச்சரிக்கையும் குறுஞ்செய்தியும் தமிழில் வர வேண்டும். முறையீட்டைத் தமிழில் ஏற்றுத் தமிழில் விடை தர வேண்டும்.

இவற்றைக் கேட்கும் தகுதியைத் தமிழர் முதலில் தேடிக்கொள்ளல் வேண்டும். கையொப்பத்தை ஆங்கிலத்தில் இட்டு, பணப்பொறியில் தமிழ் இருந்தும் ஆங்கிலத்தை அழுத்தி, செயலியில் உள்ள தமிழையும் திறந்து பாராதவன், 'வைப்பகத்தில் தமிழ் இல்லை' என்று முழங்குவதில் பொருளில்லை. படித்த இளைஞன் ஒவ்வொருவனும் தன் தெருவிலுள்ள முதியோர் நால்வருக்கேனும் இதனைக் கற்பிக்கட்டும்: கணக்கெண்ணை இருமுறை சரிபார்க்க வேண்டும், புதியவருக்கு முதலில் ஓர் உருபா மட்டும் அனுப்பி, சேர்ந்ததைக் கேட்டறிந்த பின்பே பெருந்தொகை அனுப்ப வேண்டும், கமுக்க எண்ணை எவருக்கும் உரைக்கலாகாது. மொழிப்பற்று என்பது மேடையில் மட்டும் வாழ்வதன்று. ஏழையின் பணம் வழிதவறாமற் காப்பதும் மொழிப்பணியே.

கண்மாய் நிறைந்து நாற்பத்தெட்டு மடையும் திறந்திருக்க, கடைமடை வயல் காய்ந்து கிடந்தால் குறை நீரில் இல்லை. வாய்க்காலை வெட்டாத கையில் உள்ளது. அவ்வாய்க்காலின் பெயர் தாய்மொழி.