வேக ரயிலுக்கு வழிவிடாத வளைவுகள்: கேரளத்தின் 8 மணி நேரப் பயணம் குறையுமா?

திருவனந்தபுரம்: கேரளத்தின் முதல் வந்தே பாரத் ரயிலை 2023 ஏப்ரல் 25 அன்று திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் பிரதமர் நரேந்திர மோடி கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். காசர்கோடு வரையிலான சுமார் 586 கி.மீ. தொலைவைக் கடக்க அந்த ரயிலுக்கு அப்போது நிர்ணயிக்கப்பட்ட நேரம் ஏறத்தாழ 8 மணி 5 நிமிடம். சராசரி வேகம் மணிக்கு 73 கி.மீ.யைக்கூட எட்டவில்லை.

சென்னை பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் உருவான வந்தே பாரத், மணிக்கு 180 கி.மீ. வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய சென்னை–நாகர்கோவில் வந்தே பாரத், 700 கி.மீ.க்கும் அதிகமான தொலைவை 9 மணி நேரத்துக்குள் கடக்கும் வகையில் அட்டவணையிடப்பட்டது. ரயிலின் வகை ஒன்றே. ஓடும் பாதைதான் வேறு. கேரளத்தின் ரயில் வேகம் குறித்த விவாதம் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

மீட்டர் கேஜ் காலத்துப் பாதை

கேரளத்தின் முதன்மை ரயில் பாதை ஒரே காலத்தில், ஒரே திட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டதல்ல. ஷொறணூர்–கொச்சிப் பாதை, கொச்சி சமஸ்தானத்தின் முயற்சியால் 1902-ல் மீட்டர் கேஜ் பாதையாகத் திறக்கப்பட்டது. திருவனந்தபுரத்துக்கு 1918-ல் ரயில் வந்தது. எர்ணாகுளம், கோட்டயம், கொல்லம் ஆகிய நகரங்களை இணைக்கும் பகுதி 1950-களில் மீட்டர் கேஜாக அமைந்தது. இவை பின்னர் வெவ்வேறு காலங்களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டன. தண்டவாளங்களின் இடைவெளி அகன்றாலும், மேட்டையும் ஆற்றையும் சுற்றிச் செல்லும் பழைய தடம் பெரும்பாலும் அப்படியே நீடித்தது.

அந்தத் தடத்தில் வளைவுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. வளைவில் ரயிலை வெளிப்புறம் தள்ளும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அதிகரிக்கிறது. எனவே, வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமெனில் வளைவின் ஆரம் நான்கு மடங்காக வேண்டும். 80 கி.மீ. வேகத்துக்குப் பொருத்தமான வளைவு 160 கி.மீ. வேகத்தைத் தாங்காது.

வெளிப்புறத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி இவ்விசையை ஓரளவு ஈடுசெய்யலாம். அதற்கும் எல்லை உண்டு. அதே தடத்தில் மெதுவாகச் செல்லும் சரக்கு ரயில்களின் பாரம் அப்போது உட்புறத் தண்டவாளத்தின் மீது அளவுக்கு மீறி விழும். வேக ரயிலும் சரக்கு ரயிலும் ஒரே பாதையைப் பகிரும்வரை இந்தச் சமரசம் தவிர்க்க முடியாதது.

லாபம் எங்கே இருக்கிறது?

வந்தே பாரத் தொடங்கப்பட்டபோது, பாதையின் வேகத்தை முதற்கட்டமாக 110 கி.மீ., அடுத்து 130 கி.மீ., இறுதியில் 160 கி.மீ. என உயர்த்துவது இலக்கு என ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார். மக்களின் கவனம் இயல்பாகவே 160 என்ற எண்ணின் மீது குவிந்தது. ஆனால், கணக்கு வேறொன்றைச் சொல்கிறது.

எர்ணாகுளம்–ஷொறணூர் இடையே சுமார் 107 கி.மீ. தொலைவு உள்ளது. வந்தே பாரத் தொடங்கிய காலத்தில் இங்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் 80 கி.மீ. இடைநில்லாமல் அதே வேகத்தில் ஓடினால் 80 நிமிடங்கள் ஆகும். வேகத்தை 110 கி.மீ. ஆக்கினால் 58 நிமிடங்கள் போதும். 22 நிமிடங்கள் மிச்சமாகும். 110 கி.மீ.யிலிருந்து 130 கி.மீ.க்கு உயர்த்தினாலோ மேலும் 9 நிமிடங்கள் மட்டுமே மிச்சமாகும். அடுத்த கட்டத்துக்கான செலவோ பன்மடங்கு அதிகம்.

பலவீனமான பாலம், குறுகிய வளைவு, நிலைய நுழைவுப் பகுதி போன்றவற்றால் விதிக்கப்படும் வேகக் கட்டுப்பாடுகளுக்கும் இது பொருந்தும். 110 கி.மீ. வேகத்தில் வரும் ரயில், ஒரு கிலோமீட்டர் தூரத்தை 30 கி.மீ. வேகத்தில் கடக்க நேர்ந்தால், வேகம் குறைத்து மீண்டும் கூட்டும் நேரத்தையும் சேர்த்துச் சில நிமிடங்களை இழக்கிறது. ஆகவே, உச்ச வேகத்தை உயர்த்துவதைவிட மெதுவான இடங்களைச் சரிசெய்வதே முதலில் பலன் தரும்.

வேகம் கூடும்போது பாதுகாப்புத் தேவைகளும் கூடுகின்றன. 110 கி.மீ.யிலிருந்து 160 கி.மீ.க்கு உயர்ந்தால், ரயில் நிற்பதற்குத் தேவையான தூரம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. எனவே சிக்னல் அமைப்பையே மாற்றியாக வேண்டும். லெவல் கிராசிங்குகளுக்குப் பதிலாக மேம்பாலங்கள் கட்ட வேண்டும். பாதையின் இருபுறமும் வேலி வேண்டும். வீடுகள் தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் மாநிலத்தில் இவை ஒவ்வொன்றும் நிலம் சார்ந்த பிரச்சினையாகிறது.

காத்திருக்கும் பயணிகள்

கோட்டயம் வழியான பாதை 2022 மே மாதத்தில்தான் முழுமையாக இரட்டைப் பாதையானது. ஆலப்புழை வழியான கடற்கரைப் பாதையில் அம்பலப்புழை–எர்ணாகுளம் பகுதி, 2023 செப்டம்பரில் இரண்டாவது வந்தே பாரத் அவ்வழியே தொடங்கியபோதும் ஒற்றைப் பாதையாகவே இருந்தது. ஒற்றைப் பாதையில் வேக ரயில் கடக்க வேண்டுமெனில், மற்றொரு ரயில் நிலையத்தில் ஒதுங்கி நின்றாக வேண்டும்.

அதன் சுமையை ஏற்றவர்கள் அன்றாடம் வேலைக்குச் செல்லும் பயணிகள். வந்தே பாரத்துக்காகப் பாசஞ்சர் ரயில்கள் நீண்ட நேரம் நிறுத்தப்படுவதாக ஆலப்புழைப் பகுதிப் பயணிகள் 2023-ல் போராட்டம் நடத்தினர். பாதையின் கொள்ளளவு கூடாமல் ஒரு ரயிலின் வேகம் மட்டும் கூடினால், ஒருவர் மிச்சப்படுத்தும் நேரத்தை மற்றொருவர் இழக்கிறார்.

புதிய பாதை என்ற மாற்று

பழைய பாதையைத் திருத்துவதற்கு மாற்றாகவே சில்வர்லைன் திட்டத்தை மாநில அரசு முன்வைத்தது. திருவனந்தபுரம்–காசர்கோடு இடையே சுமார் 530 கி.மீ. நீளத்தில் தனிப் பாதை, மணிக்கு 200 கி.மீ. வேகம், 4 மணி நேரத்துக்குள் பயணம் என்பது திட்டம். மதிப்பீடு 63,941 கோடி ரூபாய். உண்மைச் செலவு சுமார் 1.26 லட்சம் கோடி ரூபாயை எட்டும் என நிதி ஆயோக் கணித்தது.

2022-ல் அளவீட்டுக்காக நடப்பட்ட மஞ்சள் கற்களைப் பொதுமக்கள் பல ஊர்களில் பிடுங்கி எறிந்தனர். 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஒரு சதுர கி.மீ.யில் 860 பேர் வசிக்கின்றனர். இது தேசிய சராசரியைவிட இரு மடங்குக்கும் அதிகம். நேரான பாதைக்கு வரையப்படும் எந்தக் கோடும் யாரோ ஒருவரின் வீட்டு முற்றத்தைக் கடந்தே செல்லும். மத்திய அரசின் இறுதி ஒப்புதல் கிடைக்காத நிலையில், அதே ஆண்டு நவம்பரில் நில எடுப்புப் பணிக்கான ஊழியர்களை மாநில அரசு திரும்ப அழைத்துக்கொண்டது.

பிரிட்டன் தரும் பாடம்

பழைய பாதையை மேம்படுத்துவதும் எளிதல்ல. வளைவுகள் நிறைந்த லண்டன்–கிளாஸ்கோ மேற்குக் கடற்கரைப் பாதையில் 225 கி.மீ. வேகத்தை எட்டப் பிரிட்டன் திட்டமிட்டது. எதிர்பார்த்த புதிய சிக்னல் தொழில்நுட்பம் கைகூடவில்லை; செலவு பன்மடங்கானது. 2008-ல் பணி நிறைவுற்றபோது வேகம் சுமார் 200 கி.மீ.யுடன் நின்றது. ஆயினும், வளைவில் சாய்ந்து செல்லும் ரயில்களாலும், தடைகள் நீக்கப்பட்டதாலும் பயண நேரம் கணிசமாகக் குறைந்தது.

கேரளத்துக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஒற்றைப் பாதைகளை இரட்டிப்பது, நெரிசல் மிகுந்த பகுதியில் மூன்றாவது பாதை அமைப்பது, கடும் வளைவுகளை நேராக்குவது, தானியங்கி சிக்னல்களை நிறுவுவது ஆகியவற்றுக்குக் கொடியசைப்பு விழாக்கள் நடப்பதில்லை. ஆனால், வந்தே பாரத் பயணியும், அதற்கு வழிவிட்டுச் சிறு நிலையத்தில் காத்திருக்கும் பாசஞ்சர் பயணியும் ஒருசேரப் பயன்பெறுவது இப்பணிகளால்தான். வேகத்துக்கான அடுத்த அறிவிப்பை, அது குறிப்பிடும் உச்ச வேகத்தைக் கொண்டு அளவிடாமல், இந்த இருவரும் எத்தனை மணிக்கு வீடு சேர்வார்கள் என்பதைக் கொண்டே அளவிட வேண்டும்.