537 ஓட்டின் மகிமை

அமெரிக்காவில் 2000-ம் வருஷப் பிரசிடெண்ட் தேர்தலில், ஃபுளோரிடா மாகாணத்தில் புஷ் என்பவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது வெறும் 537 ஓட்டு. அதற்காக, பிரசிடெண்டைத் தேர்ந்தெடுக்கும் அம்மாகாணத்துத் தேர்வாளர் 25 பேரும் அவர் பக்கமே போய்விட்டார்கள். கோருக்கு ஓட்டளித்த 29 லட்சம் பேரின் கதி என்ன? நாடு முழுவதும் கோருக்கே 5 லட்சத்துக்கு மேல் அதிகம், பதவியோ புஷ்ஷுக்கு!

இப்படித்தான் கொடுக்க வேண்டுமென்று அரசியல் சட்டம் சொல்லுகிறதா என்றால், இல்லை. அதை மாகாண சட்டசபைகளுக்கே விட்டிருக்கிறது. வழக்கமாம்! வழக்கமாவது, வெங்காயமாவது!

மெயினும் நெப்ராஸ்காவும் தொகுதிவாரியாய்ப் பிரிக்கவில்லையா என்பார்கள். தொகுதிக்கு எல்லை கீறுகிறவர்கள் யார்? அநேக மாகாணங்களில் சட்டசபைக் கட்சிக்காரர்களேதான். 2012-ல் எங்கும் அப்படிப் பிரித்திருந்தால், சுமார் 50 லட்சம் ஓட்டுக் குறைவாய் வாங்கிய ராம்னியே ஜெயித்திருப்பார். ஆதலால் ஜனங்கள் போட்ட ஓட்டின் விகிதப்படியே தேர்வாளர்களைப் பங்கிட வேண்டுமென்பதே நமதபிப்பிராயம்.