பேசும் நாய் சொன்ன நீதி!

பொம்மை நடக்குமா? நாய் பேசுமா?

படத்தில் நடக்கும், பேசும். அப்படி ஒரு பொம்மைப் படம் அமெரிக்கக் குழந்தைகளுக்குக் கடவுள் பக்தியையும் நல்ல குணத்தையும் சொல்லிக் கொடுத்தது. அதன் பெயர் "டேவியும் கோலியாத்தும்."

1961-ம் ஆண்டு இது டெலிவிஷனில் தொடங்கியது. லுத்தரன் கிறிஸ்தவ சபை பணம் போட்டது. ஆர்ட் குளோக்கியும் அவருடைய மனைவி ரூத்தும் படத்தை உருவாக்கினார்கள். குளோக்கி, பாதிரியார் ஆவதற்காகப் படிக்கப் போனவர். படிப்பை விட்டு, படம் எடுக்க வந்து விட்டார்!

720 தடவை

இது எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். பொம்மையை நிற்க வைத்து ஒரு படம் பிடிப்பார்கள். கையைக் கொஞ்சம் நகர்த்துவார்கள். மறுபடியும் ஒரு படம். எல்லாவற்றையும் வேகமாக ஓட்டினால் பொம்மை கை அசைக்கும். இதை "ஸ்டாப் மோஷன்" என்கிறார்கள்.

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு நிலையையும் இரண்டு முறை பிடித்தால்கூட, ஒரு நிமிடக் காட்சிக்குப் பொம்மையை 720 தடவை நகர்த்த வேண்டும்.

நாய் யார்?

டேவி சின்னப் பையன். குறும்புக்காரன். கோலியாத் அவனுடைய நாய். பைபிளில் தாவீதும் கோலியாத்தும் எதிரிகள். இங்கே உயிர் நண்பர்கள்!

நாய் பேசுவது டேவிக்கு மட்டுமே கேட்கும். அவன் தப்பு செய்யப் போனால், அது தயங்கித் தயங்கி எச்சரிக்கும். அவன் கேட்க மாட்டான். வம்பில் மாட்டிக்கொள்வான். பிறகு வருந்துவான். அவனைக் கடவுள் கைவிடவில்லை என்று கதை சொல்லும்.

அந்த நாய் வேறு யாரும் அல்ல. அவனுடைய மனச்சாட்சிதான்!

நண்பன் யார்?

அமெரிக்காவில் நிறவெறி தலைவிரித்து ஆடிய காலம் அது. அப்போதே கறுப்பினச் சிறுவன் ஜொனாதன், டேவியின் நண்பனாகப் படத்தில் வந்தான். 2004-ம் ஆண்டு வந்த கிறிஸ்துமஸ் சிறப்புப் படத்தில் ஒரு யூதச் சிறுவனும் ஒரு முஸ்லிம் சிறுமியும் டேவியோடு விளையாடினார்கள்.

இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தன் மதத்தைச் சொல்லிக் கொடுக்க ஒரு சபை பணம் போட்டது. ஆனால், அடுத்த மதத்தை மட்டம் தட்டச் சொல்லவில்லை.

பெற்றோர் கவனத்துக்கு

இன்று செல்போன் இருந்தால் போதும். வீட்டிலேயே பொம்மைப் படம் எடுக்கலாம். அன்பை வளர்க்கவும் எடுக்கலாம். பகையை விதைக்கவும் எடுக்கலாம். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். பார்க்கிற குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது.

ஆகவே, குழந்தை படம் பார்க்கும்போது தாயும் தந்தையும் பக்கத்தில் உட்காருங்கள். படம் முடிந்ததும், "டேவி செய்தது சரியா?" என்று கேளுங்கள். பதிலைக் குழந்தையே சொல்லட்டும்.

பொம்மையை நாம் நகர்த்தலாம். குழந்தை தானாக நடக்க வேண்டும்!