கோணல் கூடமும் முதல் கிட்டாரும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது தமிழர் நன்கறிந்த பழமொழி. தன் குறையை மறைக்கப் பிறவற்றின் மேல் பழி போடுவோரை அது எள்ளி நகையாடுகிறது. ஆனால், முதன்முதலாகக் கிட்டார் கற்க முனையும் மாணவர் பலரின் வாழ்வில் இப்பழமொழி தலைகீழாகிவிடுகிறது. அங்கே கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கிறது. அதை அறியாத மாணவரோ தம் கால்தான் கோணல் என்றெண்ணி ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்.

கலும்பாங்கில் வாழும் ஒரு மாணவியைக் கற்பனை செய்து பார்க்கலாம். தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தையும் பள்ளிச் செலவில் மிச்சம் பிடித்ததையும் அவள் சேர்த்து வைத்திருக்கிறாள். இணையக் கடை ஒன்றில் பளபளக்கும் கிட்டார், பையோடும் கூடுதல் கம்பிகளோடும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. சில நாளில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. முதல் வாரம் மகிழ்ச்சியில் கழிகிறது. இரண்டாம் வாரம் விரல் நுனிகள் சிவந்து வலிக்கின்றன. எவ்வளவு அழுத்தினாலும் ஒலி தெளிவாக எழவில்லை. காலையில் சேர்த்த சுருதி மாலைக்குள் இறங்கிவிடுகிறது. மூன்றாம் மாதம் கிட்டார் அலமாரியின் மேல் ஏறிவிடுகிறது. “எனக்கு இசை வராது” என்ற முடிவுக்கும் அவள் வந்துவிடுகிறாள்.

இங்கே ஏற்பட்ட பெரிய இழப்பு பணமன்று; அந்த முடிவுதான். பணத்தை மீண்டும் சேர்த்துவிடலாம். தன்னால் இயலாது என்ற எண்ணம் ஒரு பிள்ளையின் மனத்தில் வேரூன்றிவிட்டால் அதைக் களைவது எளிதன்று. ஆகவே, முதல் கிட்டாரை வாங்கும்போது அதன் அழகையும் மலிவையும் விட, கற்பவரின் விரலுக்கும் செவிக்கும் அது ஒத்துழைக்குமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

விரலுக்கு ஒத்துழைப்பது என்றால் என்ன? கிட்டாரின் கழுத்தில் குறுக்குக் கோடுகளைப் போல மெல்லிய உலோகக் கட்டைகள் பதிக்கப்பட்டிருக்கும். வீணையில் இவற்றை மெட்டு என்பர். கம்பி மெட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே முதலில் கவனிக்க வேண்டியது. 12ஆவது மெட்டின் மேல் உலோகக் கம்பி ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர் உயரத்திலும், நைலான் கம்பி 3 முதல் 4 மில்லிமீட்டர் உயரத்திலும் இருந்தால் வாசிப்பது எளிது. கம்பி அதைவிட மிக உயரமாக நின்றால் கைதேர்ந்த கலைஞருக்கே விரல் வலிக்கும். பழகாத பிஞ்சு விரல் எப்படித் தாங்கும்?

செவிக்கு ஒத்துழைப்பதையும் சோதித்துப் பார்க்கலாம். 12ஆவது மெட்டு கம்பி நீளத்தின் நடுவில் அமைந்தது. எனவே, ஒரு கம்பியை அழுத்தாமல் மீட்டினால் எழும் சுரமே, 12ஆவது மெட்டில் அழுத்தி மீட்டும்போது ஒரு ஸ்தாயி மேலே எழ வேண்டும். திறன்பேசியில் சுருதி பார்க்கும் செயலி இருந்தால் ஆறு கம்பிகளையும் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். கம்பிகள் புதியனவாக இருந்தும் சுரம் மாறி ஒலித்தால் அந்தக் கிட்டாரைத் தவிர்ப்பதே நல்லது. பிழையான சுருதியையே நாள்தோறும் கேட்டால் மாணவரின் செவியும் பிழைக்குப் பழகிவிடும்.

அடுத்து, எவ்வகைக் கிட்டார் என்ற கேள்வி எழும். நைலான் கம்பி மென்மையானது. விரலை அதிகம் வருத்தாது. ஆயினும், அவ்வகைக் கிட்டாரின் கழுத்து சற்று அகலமானது. உலோகக் கம்பி ஓங்கி ஒலிக்கும். திரைப்பாடலுக்குப் பின்னணி வாசிக்க ஏற்றது. ஆனால், தொடக்கத்தில் வலி மிகும். மின்கிட்டாரை அழுத்துவது எளிது என்றாலும் ஒலிபெருக்கிக்கும் சேர்த்துச் செலவிட வேண்டும். இவற்றுள் பெரும்பாலான இளம் மாணவர்களுக்கு நைலான் கம்பிக் கிட்டாரே நல்ல தொடக்கமாக அமையும். உடலும் கையும் சிறியதாக உள்ளவருக்கு முக்கால் அளவுக் கிட்டார் பொருந்தும்.

“முதலில் மலிவானதை வாங்கு, ஆர்வம் நிலைத்தால் பிறகு நல்லதை வாங்கலாம்” என்று பெற்றோர் கூறுவதுண்டு. அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. தோட்டப்புறத்திலும் சிறுநகரத்திலும் வாழும் குடும்பங்களுக்கு ஒவ்வொரு ரிங்கிட்டும் உழைப்பின் பயன். ஆயினும், வாசிக்கவே இயலாத கருவியைக் கொண்டு ஆர்வத்தை அளக்க முடியாது. ஓட்டை விழுந்த குடத்தைக் கொடுத்து, நீர் இறைப்பதில் ஒருவருக்குள்ள ஊக்கத்தைச் சோதிப்பதைப் போன்றது அது. ஆர்வத்தைச் சோதிக்க வேண்டுமாயின், உறவினரிடமோ பள்ளியிலோ ஒரு கிட்டாரைச் சில வாரங்களுக்கு இரவல் பெறலாம்.

விலை குறைவு என்பதாலேயே ஒரு கிட்டார் மட்டமானதாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மலேசியாவில் மரக் கிட்டாரை ‘கிட்டார் காப்போக்’ என்றே பலர் அழைப்பர். காப்போக் என்பது சீனாவிலிருந்து வந்த, எளிய மக்களும் வாங்கக்கூடிய விலையில் விற்ற ஒரு கிட்டாரின் வணிகப் பெயர். ஒட்டுப்பலகையால் செய்த எளிய கிட்டாரும் இந்நாட்டு ஈரப்பதத்தைத் தாங்கி நெடுநாள் உழைக்கும். அதைச் சீராக அமைத்திருக்கிறார்களா என்பதே முக்கியம்.

எனவே, கையில் 300 ரிங்கிட் இருந்தால் அது முழுவதையும் புதிய கிட்டாருக்கே கொடுத்துவிட வேண்டியதில்லை. நன்கு பராமரித்த பழைய கிட்டாரை அதைவிடக் குறைந்த தொகைக்கு வாங்கலாம். மிச்சப் பணத்தில் கம்பிகளை மாற்றி, உயரத்தையும் சீர்செய்துகொள்ளலாம். பழையதை வாங்கும்போது கழுத்து வளைந்துள்ளதா, பாலம் உடலிலிருந்து பெயர்ந்துள்ளதா, முறுக்காணிகள் வழுக்காமல் சுழல்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம்.

இவற்றையெல்லாம் கிட்டாரையே தொட்டறியாத மாணவர் தனியாகச் செய்ய இயலாது. ஆகவே, வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வதே மிகச் சிறந்த வழி. கலும்பாங்கிற்கு அருகிலுள்ள தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய அந்நிறுவனத்தில் இன்று இசைக்கெனத் தனிப் புலமே உண்டு. அங்குப் பயிலும் அண்ணனோ அக்காவோ அறிமுகமாக இருந்தால் உதவி கேட்கத் தயங்க வேண்டியதில்லை. கோயில் திருவிழா மேடையில் கிட்டார் வாசிக்கும் ஊர்க்காரரும் இதற்குத் தக்கவரே. அவர் வாசிக்க, மாணவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். அப்போது நிறத்தில் மயங்காமல் ஒலியை மட்டும் கவனிக்க முடியும்.

சிற்றூர்ப் பிள்ளைக்குக் கிட்டார் எதற்கு என்று கேட்போருக்கும் விடை உண்டு. தமிழகத்தின் பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கமும் பெற்றார். பினாங்கைச் சேர்ந்த டேவிட் ஆறுமுகமும் அவர்தம் சகோதரர் லோகநாதனும் ‘அலிகேட்ஸ்’ குழுவின் வழி மலாய்ப் பாடல்களைப் பாடி நாடெங்கும் புகழ் பெற்றனர். எல்லாரும் அவர்களைப் போல் ஆகிவிட முடியாது, ஆக வேண்டியதுமில்லை. மாலையில் வீட்டு வாசற்படியில் அமர்ந்து, தாய்க்குப் பிடித்த பாடலைப் பிசிறில்லாமல் வாசிக்க முடிந்தாலே போதும். அதுவே பெரும் பேறு.

நல்ல கிட்டார் எவரையும் தானாகக் கலைஞராக்கிவிடாது. நாள்தோறும் பயிற்சி செய்தாக வேண்டும். ஆனால், அந்தப் பயிற்சி வீண்போகாமல் காப்பது கருவியின் கடமை. முதலில் கூடத்தைச் சீராக்கித் தர வேண்டும். அதன் பிறகு ஆட்டத்தில் குறை நேர்ந்தால், அதைத் திருத்திக்கொள்ளும் துணிவு மாணவருக்குத் தானே பிறக்கும்.